தாய்க்கரடிக்கு மூச்சு மட்டும்

ஹெட்போனைக் காதில் மாட்டிய பிறகுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள்.

“மூச்சு மட்டும் போதும்க்கா. வசனமெல்லாம் அவங்க போன வாரமே பேசி முடிச்சிட்டாங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசியது சாருலதா. படத்தின் தமிழ்க் குரல்களுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான். ‘அவங்க’ யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. தாய்க்கரடிக்குக் குரல் கொடுத்த நடிகையின் முகம் போட்ட போஸ்டர் வரவேற்பறையில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது.

போனில் கூப்பிட்டபோது இப்படிச் சொல்லவில்லை. அதே கதைதான்க்கா, அதே தாய்க்கரடிதான், இந்தத் தடவை பொம்மைப் படம் இல்லை, நிஜக் கரடி மாதிரியே கம்ப்யூட்டரில் செய்திருக்கிறார்கள், வாருங்கள் என்றார்கள்.

அன்றிலிருந்தே குரலுக்காக அவள் தயிரை நிறுத்தினாள். மிளகு தட்டிப்போட்ட வெந்நீராகக் குடித்தாள். வீட்டில் சண்டை வந்தபோதும் குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்காரர் பயந்தே போய்விட்டார்.

இப்போது என்ன சொல்வது?

“சரி, போடுங்க.”

திரையில் பனிக்கரடி வந்தது.

இருபது வருடத்துக்கு முன்னால், பொம்மைப் படமாக வந்தபோது, இந்தத் தாய்க்கரடி அவள் குரலில்தான் பேசியது. அந்தக் கரடிக்குப் புருவம் இருந்தது. வாய் முறம் மாதிரி விரியும். எவ்வளவு பேசினாலும் அதற்குள் இடம் இருந்தது. சாகிற இடத்தில்கூடக் குட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து முக்கால் பக்கம் பேசிவிட்டுத்தான் கண்ணை மூடியது.

தியேட்டரில் பிள்ளைகள் பாப்கார்ன் தின்றன. அம்மாக்கள் அழுதார்கள்.

இந்தக் கரடிக்கு முகமே இல்லை. அதாவது, கரடிக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கோபமா, பாசமா, பசியா, ஒன்றும் பிடிபடவில்லை. குளிரில் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. கலைந்தது. மறுபடி வந்தது.

அந்த ஆவிக்குத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கரடி நடந்தது. அவள் மூச்சு விட்டாள்.

கரடி ஓடியது. அவளுக்கு இரைத்தது.

கரடி நின்று, திரும்பி, குட்டியைப் பார்த்தது.

“ஓடுடா பஞ்சு! திரும்பிப் பாக்காதே!”

“அக்கா, அக்கா.” ஒலிப்பதிவாளர் தனபால் படத்தை நிறுத்தினார். “வசனம் பேசிட்டீங்க.”

“நானா?”

“பின்ன நானா? அதுவும் பழைய வசனம். இதுல ‘போ பஞ்சு’, அவ்ளோதான்.”

பழைய படத்துக்கும் ஒலிப்பதிவு தனபால்தான். அப்போது அவர் தலையில் முடி இருந்தது.

“வாயைத் திறந்துச்சே தனபால்.”

“மூச்சு வாங்கத் திறந்ததுக்கா.”

சாருலதா சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். திரையில் ஒரு வாய் திறந்தால் இவள் நாக்கு எழுந்துவிடும். பிழைப்பே அதுதானே. டிவியில் செய்தி வாசிப்பவர் கொட்டாவி விட்டால்கூட ஏதாவது சொல்லத் தோன்றும்.

அடுத்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டாள். நடிகையின் குரல் காதில் வந்தது.

“போ பஞ்சு.”

நன்றாகப் பேசியிருந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

நடிகை பேசுவதற்கு முன்னால் இவள் மூச்சை இழுத்துக்கொடுத்தாள். பேசி முடித்ததும் விட்டாள். இரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து வந்த மாதிரி ஒட்டிக்கொண்டன.

“சூப்பர்க்கா. முடிஞ்சுது. அடுத்த சீன்ல அம்மாக்கரடி செத்துடும். அதுல வசனமே இல்லை, நீங்க கிளம்பலாம்” என்றாள் சாருலதா.

“வசனமே இல்லையா?”

“ஒரு வார்த்தைகூட இல்லக்கா. கரடி சாகும்போது பேசுமா, நிஜமா இருக்கணும்னு அதைத் தூக்கிட்டாங்களாம்.”

அந்த முக்கால் பக்கம் இனி யாருக்கும் இல்லை. நடிகைக்கும் இல்லை என்பதில் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. மறைப்பானேன்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

“இருங்கக்கா.”

தனபால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்த மறந்த படம் அடுத்த காட்சிக்குப் போயிருந்தது.

“ஆவி வருது பாருங்க.”

வந்தது.

கரடி பனியில் ஒருக்களித்துக் கிடந்தது. குட்டி அதன் கழுத்தடியில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. கரடியின் மூக்கிலிருந்து ஆவி எழுந்தது. அப்புறம் வெகுநேரம் இல்லை. அப்புறம் எழுந்தது.

சாருலதா எழுந்து நின்று பார்த்தாள்.

“அய்யோ, இது முழுக்க மூச்சுதானா? நான் கவனிக்கவே இல்ல. உங்களால முடியுமாக்கா, இன்னைக்கே?”

அவள் பையை இறக்கி வைத்து, ஹெட்போனை மறுபடி மாட்டினாள்.

ஹெட்போனில் எந்தக் குரலும் இல்லை. காற்று மட்டும் இருந்தது.

முதலிலிருந்து போட்டார்கள்.

ஆவி வந்தபோது விட்டாள். வராதபோது காத்திருந்தாள். ஒன்று கரகரப்பாக வந்தது. அப்படியே இருக்கட்டும் என்று தனபால் கையைக் காட்டினார். ஒன்று பாதியில் தடுக்கி நின்றது. அடுத்தது அதைவிடச் சின்னது.

குட்டி இன்னும் நெருங்கிப் படுத்தது.

ஒரு ஆவி எழுந்தது. குட்டியின் காது மேல் பட்டுக் கலைந்தது.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

பிறகு ஆவி வரவில்லை.

குட்டி தாயை முட்டிப் பார்த்தது. மறுபடி முட்டியது. பனி விழுந்தது. திரை கறுத்தது.

“டேக் ஓகேக்கா” என்றாள் சாருலதா. “ஒரே தடவையில முடிச்சிட்டீங்க. கிளம்பலாம்.”

தனபால் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தார்.

“அக்கா?”

இழுத்த மூச்சை அவள் இன்னும் விடவில்லை.