ஓவன் வறுவல்

"என்னது இது, ஓவன்லயா வைக்கப் போறே?"

கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று கேட்டாள் ஹில்டா. தகரத் தட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நீளநீளமாக வெட்டி, சோளமாவு தூவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பியிருந்தது.

"ஆமாக்கா. மாமா வெள்ளிக்கிழமைன்னா இப்பல்லாம் இதுதான் சாப்பிடறார்," என்று சொல்லிக்கொண்டே தட்டை ஓவனுக்குள் தள்ளினாள் தம்பி மனைவி லீஸ்பெத்.

ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அஷீல் யார்? மாதா கோயில் முன்னால் காலமெல்லாம் வறுவல் கடை போட்டவர். உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் இரண்டு முறை பொரித்து, காகிதக் கூம்பில் போட்டு, மேலே மயோனைஸ் வைத்து அவர் நீட்டினால் மேயர்கூட வரிசையில் நின்று வாங்குவார். பெல்ஜியத்தில் பிறந்த எவளாவது அந்த மனுஷனுக்குத் துவண்டுபோன ஆரஞ்சுக் கிழங்கைக் கொடுப்பாளா?

"கொழுப்புச் சட்டி தேய்க்க உடம்பு வளையலைன்னு சொல்லு."

"அப்படி இல்லக்கா. அது வந்து..."

அதற்குள் அஷீலே வந்துவிட்டார். லீஸ்பெத் வாயை மூடிக்கொண்டாள்.

"ஹில்டாவா? வா வா. ரொம்ப இளைச்சுட்டியே."

அம்மாவை அடக்கம் செய்த பிறகு ஹில்டா இந்த வீட்டுக்கு வருவது இன்றுதான். அவள் இருக்கும் கென்ட் நகரத்திலிருந்து ரயிலில் ஒன்றும் தூரமில்லை. வேலை, வேறென்ன.

"உக்காருங்கப்பா. இன்னிக்கு உங்களுக்கு நிஜமான வறுவல் நான் போடறேன்."

பையிலிருந்து உருளைக்கிழங்கும் கொழுப்புக் கட்டியும் வெளியே வந்தன. லீஸ்பெத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. ஒரு நிமிஷம் வெளிய வாங்க, பேசணும்."

"பேச்செல்லாம் சாப்பிட்ட பிறகு."

சட்டியில் கொழுப்பு உருகியது. லீஸ்பெத் ஓடி ஓடி ஜன்னல்களைத் திறந்தாள். குளிர் காற்று உள்ளே அடித்தது.

"மகாராணிக்கு இந்த வாசனைகூட ஆகாதோ?"

முதல் பிடி கிழங்கு சொய்யென்று விழுந்தது. அஷீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர எழுந்து வந்து, கை துடைக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பார்த்தாயா என்பதுபோல் ஹில்டா லீஸ்பெத்தைப் பார்த்தாள்.

"ஜோஸியான் எங்கே?" என்றார் அஷீல். "கொழுப்பு காய்ஞ்சாச்சு, ஜனம் வந்து நிக்கப் போகுது. உங்கம்மாவைக் கூப்பிடு."

ஹில்டாவின் கரண்டி அப்படியே நின்றது.

"அப்பா... அம்மாதான் போயிட்டாங்களே. நாம எல்லாரும் சேர்ந்துதானே அடக்கம் பண்ணினோம்?"

"போயிட்டாளா?" அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "எப்போ? எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு கதறினார். அடக்கத்தன்று அழுத அதே அழுகை. ஹில்டாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

லீஸ்பெத் அடுப்பை அணைத்துவிட்டு அவரை அணைத்துக்கொண்டாள். உள்ளே அழைத்துப் போய்ப் படுக்க வைத்து, வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" ஹில்டாவின் குரல் உடைந்திருந்தது.

"அவர் காதுபட எப்படிக்கா சொல்றது? போன்லயும் சொல்லப் பார்த்தேன். வேலையா இருக்கேன்னு வெச்சிடுவீங்க."

ஹில்டா தலை குனிந்தாள்.

"மத்த நேரத்துல அத்தையைக் கேக்கவே மாட்டார். கொழுப்பு வாசனை வந்தா மட்டும் தேடுவார். செய்தியை ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் கேக்கற மாதிரி அழுவார்."

லீஸ்பெத் ஓவனைத் திறந்து, ஓரம் கருகிப்போன வறுவலை வெளியே எடுத்தாள்.

"இந்தக் கிழங்கு வாசனைக்கு அவருக்கு யார் ஞாபகமும் வராதுக்கா."