வடிவு வண்டி எடுக்கிறாள்

மலைமேல் வில்பட்டியில், பனி விலகாத காலையில், பிள்ளையார் கோயில் வாசலில் வடிவின் புது பிக்கப் வண்டி மாலையும் சந்தனமுமாக நிற்கிறது. நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கி வண்டியை முதலில் நகர்த்துவது வீட்டு ஆம்பளை என்பது ஊர் வழக்கம். வடிவின் புருஷன் செத்துப்போய்விட்டதால் கொழுந்தன் பழனிக்குமார் வெள்ளை வேட்டியில் தயாராக வருகிறான். வடிவோ அதற்குள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாயிற்று. சுண்டல் வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு பாதித் தெரு இதைப் பார்க்கத்தான் நிற்கிறது. "எறங்குங்க மதினி. லைசென்ஸ் இருந்தா ஆச்சா? ரேஸ் படமா பாத்துப் பாத்து உங்க புத்தி கெட்டுக் கெடக்கு." பொய்யில்லை. பூண்டு ஆய்கிற நேரமெல்லாம் அவள் செல்போனில் கார்கள் சீறும், கவிழும், பற்றி எரியும். கதை என்னவென்று அவளுக்கே தெரியாது. ஆனால் அதில் வருகிறவள் ரோட்டில் நிற்கும் ஆம்பளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புவாள். யாரைக் கேட்டு எடுக்கிறாய் என்று அங்கே ஒருத்தனும் கேட்பதில்லை. அந்த இடம் வந்தால் வடிவின் கையில் பூண்டு அப்படியே நிற்கும். "தள்ளி நில்லுங்க கொழுந்தனாரே, வேட்டியில தெறிக்கும்." அவன் நகரவில்லை. படத்துக்காரி மாதிரியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் கியரைப் போடுகிறாள். வண்டி என்னவோ ஆமை மாதிரிதான் நகர்கிறது. பழங்கள் பட்டென்று வெடிக்கின்றன, வேட்டியில் சாறு. எதிரே ஒரு வண்டியும் இல்லை. இருந்தாலும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, முதல் கியரிலேயே, வடிவு மூடுபனிக்குள் போகிறாள்.