இருபதாவது குழி

எகிப்தின் கார்கா பாலைவனத்தில் அதுவரை வெட்டிய பத்தொன்பது குழிகளிலும் மண் உப்புக் கரித்தது. மண்ணாய்வாளர் வக்தி ஒவ்வொரு குழியிலும் இறங்கி, மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரு தகரத் துண்டில் குழி எண்ணையும் ‘வெள்ளாமைக்கு ஆகாது’ என்பதையும் ஆணியால் கீறிக் குழிச்சுவரில் அறைவார். நிலத்துக்காக முந்நூறு குடும்பங்கள் கூடாரங்களில் காத்திருந்தன. குழி வெட்டும் அபுல்எலாவின் குடும்பமும் அவற்றில் ஒன்று.

கடைசிக் குழியில் மண் கரிக்கவில்லை. வக்தி இன்னொரு சிட்டிகை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இருபது. ஆகும்’ என்று கீறினார்.

“உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னா, நீங்க நைல் நதியையே குடிக்கணும், பாஷா!” என்று, பெரிய அதிகாரிகளை அழைப்பதுபோல் வக்திக்கும் ‘பாஷா’ போட்டுச் சிரித்துக்கொண்டே அபுல்எலா இன்னும் அரையடி வெட்டினான். மண்வெட்டி தகரத்தில் மோதியது.

அதற்கு மேலே குழிச்சுவரில் மண்ணடுக்குகள் கலையாமல் இருந்தன. அங்கே இதற்கு முன் யாரும் தோண்டியதில்லை. துருவேறிய துண்டில் ‘இருபது. ஆகும்’ என்றிருந்தது. ‘ஆகும்’ என்பது கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

“இது உங்க எழுத்தாச்சே, பாஷா?”

வக்தி மறுபடியும் மண்ணை நாக்கில் வைத்தார். கரித்தது.

சற்றுமுன் கீறிய புதுத் தகரத்தை எடுத்து ‘ஆகும்’ என்பதை அடித்தார். ஆணி வழுக்கியதில் கோடு பாதியில் கோணியது. பழைய துண்டிலும் அதே இடத்தில்தான் கோணியிருந்தது.