கருத்த திரையில்

சாப்பாடு முடிந்து திரும்பிய ரஞ்சிதா நாற்காலியில் உட்காராமல் நிற்கிறாள். மேசையிலுள்ள இரண்டு மானிட்டர்களிலும் ஒரே படமாக விரியும்படி அவள் வைத்திருந்த ஒகேனக்கல் அருவி இப்போது இரண்டு தனி அருவிகளாகிவிட்டது. இடப்பக்கத் திரையில் அது நெருக்கியடித்துக்கொண்டு விழுகிறது. வலப்பக்கத்தில் அகலமாக இழுபட்டு, படத்திலுள்ள பரிசல்காரரின் முகம் பூசணிக்காய்போல் தெரிகிறது. யாரோ அந்த மானிட்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். போன வாரம்தான் இந்த டிசைன் பிரிவிலிருந்து ஒரு வரைபடம் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குத் திருட்டுத்தனமாகப் போய்விட்டது. அடுத்த வரைபடம் அவளுடைய கணினியில் இருக்கிறது. இதுவும் போனால் அவள் வேலையும் போகும். ஜன்னல் வெயிலில் விசைப்பலகை பளபளக்கிறது.

"சுபாஷ், என் சிஸ்டத்துல யாராச்சும் உக்காந்தாங்களா?" பக்கத்து மேசைக்காரன் தலையைத் தூக்கவில்லை. "இல்லீங்களே. கரண்டு போய் வந்துச்சு, அதுல மாறியிருக்கும்." "அப்ப உங்க சிஸ்டத்துல மட்டும் ஏன் மாறல?" அவன் சிரிக்கிறான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ரஞ்சிதா உட்காருகிறாள். திரை அமைப்பைத் திறந்து, ரெசல்யூஷனைப் பழைய அளவுக்கு மாற்றி, ஓகே அழுத்துகிறாள். இரண்டு திரைகளும் ஒரு கணம் கருத்துப்போகின்றன. அந்தக் கருப்பில் அவள் முகம் தெரிகிறது. தோளுக்குப் பின்னால், சத்தமே இல்லாமல் எழுந்து வந்து, அவள் கையையே பார்த்தபடி சுபாஷ் நிற்பதும் தெரிகிறது. வெளிச்சம் வருகிறது. இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கணினி கேட்கிறது. ரஞ்சிதா மவுஸைத் தொடாமலும் திரும்பிப் பார்க்காமலும் உட்கார்ந்திருக்கிறாள்.