பின்விளக்குச் சிவப்பு

ஞானம்மா திருகாணி இரண்டையும் கழற்றி, பழைய ராஜ்தூத் வண்டியின் பின்விளக்குக் கண்ணாடியை மடியில் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடி என்று பேர்தான், பிளாஸ்டிக். வெயிலிலும் ரோட்டுப் புழுதியிலும் கிடந்து, சிவப்பு செத்து வெளுத்துப் போயிருந்தது.

"இன்னாத்துக்கு இப்ப அத்தப் போட்டுத் தேய்ச்சிக்கினு கீற? பல்பு எரியுதுல்ல, போதும் உடு" என்றான் அவள் புருஷன் தானியேல்.

எப்படி விடுவாள்? போன மாதம் பெரிய ரோட்டில் எதிர்வீட்டு ராஜமாணிக்கத்தைப் பின்னால் வந்த லாரி அடித்துப் போட்டதே, அவன் வண்டியிலும் இதே மங்கல் விளக்குதான். அவன் பெண்சாதி அழுத அழுகை இன்னும் ஞானம்மாவின் காதை விட்டுப் போகவில்லை.

பல்பொடியில் சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கிழிந்த வேட்டித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கழுவினாள். மறுபடி தேய்த்தாள். விரல் கன்றிப்போனது. கடைசியில் ஒரு பொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது, அடேயப்பா, அறுத்து வைத்த தர்பூசணி மாதிரி சிவந்து நின்றது!

தானியேல் பார்த்தான். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. வேலைநிறுத்தக் கவலையில் மனுஷனுக்கு எதுதான் ருசிக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வேலைநிறுத்தமே அவள் தம்பி பாக்கியராஜுக்காகத்தான். சங்கம் வைத்தான் என்று இரும்பாலையிலிருந்து அவனைத் தூக்கிவிட்டார்கள். அவனைத் திரும்பச் சேர்க்கிறவரை ஒருவரும் உள்ளே கால் வைப்பதில்லை என்று, கோயிலில் வேதபுத்தகத்தின்மேல் முதலில் கை வைத்தவன் தானியேல். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வேலைநிறுத்தத்தை உடைக்க வெளியூர்க் கருங்காலிகள் ரயிலில் வந்து இறங்குகிறார்களா என்று ஸ்டேஷன் பக்கம் தனியாகக் காவல் இருப்பதையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

பொழுது சாயும்போது அன்றும் கிளம்பினான். கஞ்சி குடிக்க வந்த பாக்கியராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யக்கா, மாமா வண்டி லைட்டப் பாரேன்! இன்னாமா எரியுது!"

நேற்றுவரை தெருமுனை தாண்டினால் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாது. இன்று வயல்களுக்கு அப்பால் ஆலை ரோடு வரைக்கும் தெரிந்தது. அக்காளும் தம்பியும் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள்.

சிவப்பு ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. சவுக்குத் தோப்போரம் திரும்பி, ஆலையின் பின்சுவரை ஒட்டிப் போய் நின்றது. சின்னக் கேட்டு திறந்தது. வண்டி உள்ளே போனது. கேட்டு சாத்திக்கொண்டது.

அடப்பாவி! வேதபுத்தகத்தின்மேல் வைத்த கையாயிற்றே. தினம் தினம் இவனுக்கா ஜெபம் பண்ணி அனுப்பினாள்?

"வேற யார் வண்டியாவது இருக்கும்க்கா" என்றான் பாக்கியராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நான் தேய்ச்ச லைட்டு எனக்குத் தெரியாதாடா?" என்றாள். "உன் மாமன்தான். போ, போய் சங்கத்துல சொல்லு."