மஞ்சள் கை

“காமாலைக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கு இங்க இன்னாம்மா வேலை?”

தோல் வியாபாரியும், ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியின் நிர்வாகியுமான அருணகிரி முதலியார், வாசற்படியைத் தாண்டும்போதே தொடங்கிவிட்டார். அவர் வேலூரிலிருந்து தம்முடைய மோட்டார் வண்டியிலேயே அழைத்து வந்த ஜில்லா சுகாதார அதிகாரி டாக்டர் வேலாயுதம், முகத்தைத் துடைத்தபடி பின்னால் நுழைந்தார்.

பள்ளி நர்ஸ் சவுரியம்மாள் எழுந்து நின்றாள். பிள்ளைகளின் தலை, பல், நகம், தோல் ஆகியவற்றைச் சோதிப்பதும், தொற்றுநோய் கண்டவர்களை வீட்டுக்கு அனுப்புவதும் அவளுடைய கடமைகள். சென்ற வாரம் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேரை அவள் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அவர்கள் வெளியே தலைகாட்டவே கூடாது என்று தாய்மார்களிடம் கண்டிப்பாகச் சொல்லியும் இருந்தாள்.

“நீங்களே விசாரிங்க டாக்டர் ஐயா. ஊரெல்லாம் என் பள்ளிக்கூடத்துல காமாலைன்னு பேச்சு. இவங்க சீட்டைக் கிழிச்சிட்டுத்தான் நீங்க வண்டி ஏறணும்.”

“எதைப் பார்த்துக் காமாலைன்னீங்கம்மா?” என்றார் டாக்டர்.

“உள்ளங்கையைப் பார்த்தேன் சார். மஞ்சளா இருந்தது.”

“கண்ணைப் பார்த்தீங்களா?”

“கை அவ்வளோ மஞ்சளா இருக்கச்சே, கண்ணு எதுக்கு சார்?”

டாக்டரின் முகம் சுருங்கியது. முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் சொல்லக்கூடிய விடையா இது?

“கேட்டீங்களா?” என்று முதலியார் தொடையைத் தட்டிக்கொண்டார். “அப்போ மஞ்சப் பூசிக் குளிக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் காமாலையா? நாளைக்கு மருதாணி வெச்ச பொண்ணைப் பார்த்து, ரத்தக் காயம்னு கட்டுப் போடுவாங்க ஐயா. இதோ பாரும்மா, அது ஆவாரம்பட்டைக் கறை. தோல் பதம் பண்றதுக்குத் தொட்டியில ஊறப்போடற பட்டை. தொட்டா லேசுல போவாது.”

“பெரியவங்க கையில இருந்தா சரிங்க. இதுங்க எட்டு வயசு, ஒன்பது வயசுப் பசங்க. இதுங்க கைக்குப் பட்டை எங்கிருந்து வரும்? மத்தியானம் ஆனா ஒக்காந்தபடியே தூங்கி வழியுதுங்க. காமாலையேதான்.”

“கோழி கூவச்சே எழுந்தா, மத்தியானம் தூக்கம் வராதா?” என்றார் முதலியார்.

“அந்நேரத்துக்கு எதுக்குங்க எழுந்துக்குதுங்க?”

“எதுக்கோ எழுந்துக்குதுங்க. உனக்கு இன்னா அது?”

டாக்டருக்குச் சலிப்புத் தட்டியது. “நர்ஸம்மா, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கங்க. வேற ஊருக்கு மாத்திடறேன். பிடிவாதம் பிடிச்சா வேலையே போய்டும்.”

“போனாப் போவட்டும் சார். கறை, கறைன்னு இவர் வாய்தான் சொல்லுது. பசங்க பட்டையைத் தொட்டதைக் கண்ணால பார்த்தது யாரு? சாட்சி இல்லாத பேச்சை நம்பிக் காமாலைப் பசங்களை நான் உள்ளே விடமாட்டேன்.”

முதலியாரின் பொறுமை அத்துடன் அறுந்தது.

“யாரு பார்த்ததா? நான் பார்த்தேம்மா. என் டேனரித் தொட்டியில தெனம் விடியக்காலையில பட்டை அள்ளிக் கொட்டறதே இந்தப் பசங்கதான். நீ அத்தனை பேரையும் வூட்டுல ஒக்கார வெச்சுட்டே. ஒரு வாரமா அங்க வேலையே ஓடலே. போதுமா சாட்சி?”

டாக்டர் முதலியாரை மேலும் கீழும் பார்த்தார்.

“எட்டு வயசுப் பசங்க. உங்க தொட்டியில,” என்றார் மெதுவாக. “உங்க டேனரி லைசென்ஸுக்கு வருஷா வருஷம் சிபாரிசு எழுதறவன் நான்தானே முதலியார்? வண்டியை நேரா அந்தத் தொட்டிக்கே விடச் சொல்லுங்க.”

முதலியாரை முன்னால் நடக்கவிட்டு, டாக்டர் வாசலில் திரும்பி நின்றார்.

“அது கிடக்கட்டும். ஒரு பட்டைக் கறையைப் பார்த்தா உங்களுக்குத் தெரியாதாம்மா?”

“எங்கப்பாவுக்குப் பேரணாம்பட்டு டேனரியில தொட்டி வேலைதான் சார், அந்தக் கறை பட்ட கையால சோறு ஊட்டித்தான் என்னை வளர்த்தாரு,” என்றாள் சவுரியம்மாள். “யாரோட தொட்டின்னு கேட்டாத்தான், ஒரு பையனும் வாயைத் திறக்கலே.”