சாட்சி பார்த்தது

"அங்கிள், இடுப்புல என்ன? வெளிய எடுங்க."

"ஒன்னும் இல்ல தம்பி."

"ஒன்னும் இல்லாமயா இப்படிப் புடைச்சிக்கிட்டு இருக்கு?"

பக்கிரிசாமி அங்கிள் பேண்டை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டார். யூரின் பிடிக்கக் கொடுத்த கப், பேசின் மேல காலியா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் கிளினிக் டாய்லெட்டுக்குள்ள போய் முக்கால் மணி நேரம் ஆச்சு.

எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு நான் கிள்ளான்ல பார்க்குற வேலை இதுதான். போதைப்பொருள் டெஸ்டுக்கு ஆம்பளைங்க வந்தா, அவங்க யூரின் பிடிக்கும்போது பக்கத்துல நின்னு பார்க்கணும். சிரிக்காதீங்க. யாரும் பார்க்கலன்னா அடுத்தவனோடதை பிளாஸ்டிக் பாக்கெட்ல கட்டி, இடுப்புல ஒளிச்சிக் கொண்டாந்து ஊத்திடுவாங்க. தண்ணி கலந்திடுவாங்கன்னு பைப்பைக்கூட டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கோம். கப்ல சூடு காட்டுற ஸ்டிக்கர் வேற. ஆறிப் போனதுன்னா காட்டிக் கொடுத்துடும்.

அங்கிள் ஷா ஆலம் ஃபேக்டரி ஒன்னுல பஸ் ஓட்டுறவர். கூட்டிட்டு வந்த சூப்பர்வைசர் கிருபானந்தன் வரும்போதே சொல்லிட்டார்.

"ட்ரிப்புக்கு ட்ரிப்பு ஒரு கறுப்புப் பையோட டாய்லெட் போறாரு. பத்து நிமிஷத்துல ஃப்ரெஷ்ஷா வெளிய வராரு. ஷாபு இழுக்குறாருலா, வேற என்ன? இன்னிக்கு மாட்டுனா இன்னிக்கே வேலை காலி."

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பையை லாக்கர்ல வெச்சுப் பூட்டினப்பவே ஆள் முழிச்ச முழி சரியில்ல. உள்ள வந்து ரெண்டு பெரிய போத்தல் தண்ணி குடிச்சிட்டார். கப்ல ஒரு சொட்டு இல்ல.

"அங்கிள், எனக்குப் பசிக்குது. எடுத்துட்டீங்கன்னா ரெண்டு பேரும் போலாம். இல்லன்னா 'தர மறுத்துட்டார்'னு எழுதிடுவேன். அதுவும் மாட்டின மாதிரிதான்."

"நீ கொஞ்சம் திரும்பிக்கோயேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

அவர் கதவைப் பார்த்தார். பூட்டியிருக்கான்னு கேட்டார். பூட்டியிருக்குன்னேன். மெதுவா பெல்ட்டை அவிழ்த்தார்.

பாக்கெட் இல்ல. பேம்பர்ஸ். பெரியவங்க போடுறது. கனத்துத் தொங்கிச்சு. குடிச்ச தண்ணியெல்லாம் அங்கதான் போயிருந்துச்சு.

"ப்ராஸ்டேட் ஆபரேஷன் பண்ணதுல இருந்து அடக்க முடியலப்பா. தானா போயிடுது. அந்தப் பையில இதான் இருக்கு. பஸ் ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா கிருபாவுக்குத் தெரிஞ்சா டிரைவர் வாட்ஸப் குரூப் முழுக்கப் போட்டுருவான். அப்புறம் நான் எப்படி அங்க வேலைக்குப் போறது?"

கப்பை எடுத்துக் கொடுத்தேன்.

சொட்டுச் சொட்டா பத்து நிமிஷம் பிடிச்சார். வேண்டிய அளவு வந்துச்சு. ஸ்டிக்கர் முப்பத்துமூணு டிகிரி. ஓகே.

மூடியைப் போடும்போது அவரே சொன்னார். "பார்த்ததை எழுதிடு தம்பி. எனக்காக உன் வேலை போகக் கூடாது."

வெளிய நர்ஸ் ஜெயமாலா அக்கா கப்புக்குள்ள ஸ்ட்ரிப்பை விட்டாங்க. நான் லாக்கரைத் திறந்து, பையை டாய்லெட்ல இருந்த அங்கிள்கிட்ட கொடுத்துட்டு வந்தேன்.

அஞ்சு நிமிஷம். ஷாபுவுக்கு ரெண்டு கோடு. எக்ஸ்டசிக்கு ரெண்டு கோடு. இதுல ரெண்டு கோடு வந்தா ஆள் சுத்தம். வேற டெஸ்டோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

கிருபானந்தன் ஸ்ட்ரிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எதுக்கு ஒரு மணி நேரம்? அந்தப் பையில என்ன? தம்பி, நீதான உள்ள நின்ன?"

"நின்னேன் பாஸ்."

"அப்ப எழுது."

"ஆமா ஜீவன்," ஜெயமாலா அக்கா ஃபாரத்தை என் பக்கம் தள்ளினாங்க. "உடம்புல, துணியில என்ன பார்த்தியோ, கீழ இருக்குற கடைசிக் கட்டத்துல ஒன்னு விடாம எழுது. கம்பெனிக்கு ஒரு காப்பி போகும். விட்டன்னு தெரிஞ்சா டாக்டர் உன்னை வெச்சிருக்க மாட்டார்."

பேனாவை எடுத்தேன். கிருபானந்தன் என் தோளுக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டார்.

பேரு, ஐசி கார்டு நம்பர், நேரம் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

கடைசிக் கட்டத்துல ஒரு எழுத்துகூட எழுதல.